தவறியவர்களைத் தவறாமல் எழுதி வைத்தவர்கள்

1742-ம் ஆண்டு. பென்சில்வேனியாவின் எக்ஸிட்டர் பகுதியில் நெசவும் கொல்லு வேலையும் செய்துவந்த ஸ்கொயர் பூனையும் அவர் மனைவியையும் அவர்களுடைய குவேக்கர் சபை விசாரித்தது. மூத்த மகள் சாரா, சபையைச் சேராத ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டிருந்தாள். அப்போதே அவள் கர்ப்பிணி. பெற்றோர் தவறை ஒப்புக்கொண்டார்கள். சில ஆண்டுகள் கழித்து மகன் இஸ்ரேலும் சபைக்கு வெளியே பெண் எடுத்தான். இந்த முறை ஸ்கொயர் பணியவில்லை. சபை ஆள் அனுப்பிப் பேசியும் மகன் பக்கமே நின்றார். 1748-ல் சபை அவரை விலக்கியது.

இஸ்ரேலின் தம்பி டேனியல் பூன், பிற்காலத்தில் கென்டக்கிக்கு மலைவழி திறந்து புகழ் பெற்றவர். ஆனால் அந்த வீட்டுச் சண்டை இன்றும் தெரிவதற்கு அவர் புகழ் காரணமல்ல. சபையின் குறிப்பேடுதான் காரணம். பெயர் தெரியாத எத்தனையோ குவேக்கர் குடும்பங்களின் சண்டைகளும் இதே மாதிரி எழுதப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் குடியேறிய முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு, ‘எங்கள் பாட்டன் ஒரு குவேக்கர்’ என்ற செய்தி பெரிய பாக்கியம்.

17-ம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிய சபை இது. சம்பளம் வாங்கும் பாதிரியார் கிடையாது, ஞானஸ்நானம் கிடையாது, நீதிமன்றத்தில்கூடச் சத்தியம் செய்ய மாட்டார்கள், ஆயுதம் எடுக்க மாட்டார்கள். அரசு சிறையில் தள்ளியது, அபராதம் போட்டது. 1681-ல் இரண்டாம் சார்லஸ் மன்னர், அட்மிரல் பென்னுக்குத் தர வேண்டியிருந்த 16,000 பவுண்டு கடனுக்கு ஈடாக, அவர் மகன் வில்லியம் பென்னுக்குப் பென்சில்வேனியா என்ற பெரும் நிலப்பரப்பை எழுதிக் கொடுத்தார். லெனாப்பே மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண் அது. மறு ஆண்டு குவேக்கரான பென் ‘வெல்கம்’ கப்பலில் வந்தார். வழியில் பெரியம்மை கண்டு சுமார் 30 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பலின் முழுமையான பயணிகள் பட்டியல் எதுவும் மிஞ்சவில்லை. அதில் வந்த பரம்பரை என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் பலவும் முட்டிக்கொண்டு நிற்பது இங்கேதான்.

ஆகவே கப்பலை விட்டுவிட்டுச் சபையைத் தேட வேண்டும். மாதந்தோறும் கூடும் கூட்டமே இவர்களின் அடிப்படை அமைப்பு. பிறப்பு, இறப்பு, கல்யாணம், விசாரணை எல்லாம் அதன் ஏட்டில் ஏறும். பெண்களின் கூட்டத்துக்குத் தனி ஏடு உண்டு. ஊர் மாறுகிறவர் பழைய சபையிடம் நன்னடத்தைச் சான்று வாங்கி வந்து புதிய சபையில் கொடுக்க வேண்டும். ஸ்கொயரின் தகப்பனார் ஜார்ஜ் பூன் 1717-ல் டெவன் மாவட்டத்துப் பிராட்னிஞ்ச் ஊரிலிருந்து கடல் கடந்து வந்தவர். இப்படிப்பட்டவர்களின் சான்று ஒன்று கையில் கிடைத்தால், கடலுக்கு அந்தப் பக்கம் எந்த ஊர் ஏட்டைப் புரட்டுவது என்பது தெரிந்துவிடும்.

கல்யாணச் சான்று அதைவிடச் செழிப்பானது. நடத்திவைக்கப் பாதிரியார் இல்லாததால், வந்திருந்த அத்தனை பேரும் சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். மணமக்களின் பெயருக்குக் கீழே, வலப்பக்க வரிசையில், பெரும்பாலும் நெருங்கிய சொந்தங்கள் இருப்பார்கள். தாய்மாமன் யார், கட்டிக்கொடுத்த அத்தையின் புதுக் குடும்பப் பெயர் என்ன என்பதெல்லாம் ஒரே தாளில் கிடைத்துவிடும்.

தேதி படிக்கும்போது மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். மாதங்களுக்கும் கிழமைகளுக்கும் வேற்றுத் தெய்வங்களின் பெயர் இருப்பதை இவர்கள் ஏற்கவில்லை, எண்ணால்தான் எழுதினார்கள். 1752-க்கு முன்பு ஆங்கிலேயப் புத்தாண்டு மார்ச் 25-ல் பிறந்தது; மார்ச்தான் முதல் மாதம். ஆக, 1720-ல் ‘இரண்டாம் மாதம்’ என்றிருந்தால் அது ஏப்ரல். இதை அறியாமல் பிப்ரவரி என்று குறித்துக்கொண்டு, கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்ததாகக் குடும்ப வரலாறு எழுதிவிடுகிறவர்கள் உண்டு. 1752-ல் நாட்காட்டி மாறியபோது 11 நாட்களும் கழிந்தன. டேனியல் பூனின் பிறந்த நாள் 1734 அக்டோபர் 22 என்றும் நவம்பர் 2 என்றும் இரண்டு விதமாக அச்சாவது இதனால்தான். அவர் கடைசிவரை அக்டோபர் தேதியையே சொல்லிவந்தார்.

இந்த ஏடுகளுக்குள் நுழைய வழி போட்டுக் கொடுத்தவர் வில்லியம் வேட் ஹின்ஷா. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆபராவில் பாடியவர் அவர். பிற்காலத்தில் சபை ஏடுகளிலிருந்து பெயர்களைத் தொகுப்பதில் இறங்கினார். அவருடைய வம்சாவளிக் களஞ்சியத்தின் முதல் தொகுதி 1936-ல் வந்தது. ஆறாவது, அவர் மறைந்தபின் 1950-ல். ஆனால் அது சுருக்கம்தான். விலக்கப்பட்டவர் என்ற சேதி அதில் இருக்கும். அவர் என்ன வாதாடினார் என்பதற்கு மூல ஏட்டுக்கே போக வேண்டும். பென்சில்வேனியாவின் ஹேவர்ஃபோர்டு, ஸ்வார்த்மோர் கல்லூரிகள் அவற்றைக் காத்து வருகின்றன.

ஒழுங்காக நடந்தவருக்கு ஏட்டில் பிறப்பு, கல்யாணம், இறப்பு என மூன்று வரி. மீறியவருக்கோ பல மாத விசாரணை. விலக்கியபின் சட்டென்று மௌனம். ஏட்டில் பெயர் நின்றுவிட்டதால் ஆள் இறந்துவிட்டார் என்று முடிவுகட்டக் கூடாது. அந்த இடத்தில் நிலப்பத்திரத்துக்கும் உயிலுக்கும் மாற வேண்டும். ஸ்கொயர் 1750-ல் குடும்பத்தோடு தெற்கே கிளம்பினார். 1753-ல் வட கரோலினாவின் யாட்கின் பள்ளத்தாக்கில் அவர் நிலம் பெற்றது பதிவாகியிருக்கிறது. ஆரம்பகாலக் குவேக்கர்கள் கல்லறைக்குப் பெயர்க்கல் நடுவதை ஆடம்பரமாகக் கருதினார்கள். விலக்கப்பட்ட ஸ்கொயருக்கோ மாக்ஸ்வில் ஊரில் 1765 என்று வெட்டிய கல் இருக்கிறது.

இதே ஏடுகள் இன்னொரு தரப்புக்கும் உதவுகின்றன. இதுதான் இவற்றின் ஆகப் பெரிய பயன் என்று சொல்லத் தோன்றுகிறது. பென்சில்வேனியாக் குவேக்கர்களும் அடிமைகளை வைத்திருந்தவர்கள்தான். 1776-ல், மாதக் கூட்டங்களுக்கு மேலான ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டம், அடிமைகளை விடுவிக்க மறுப்பவர்களைச் சபையிலிருந்து விலக்க முடிவெடுத்தது. விடுதலைப் பத்திரங்களை அந்தந்தச் சபையே வாங்கி வைத்துக்கொண்டது. விடுவிக்கப்பட்டவரின் பெயர், பல பத்திரங்களில் வயது, குழந்தையென்றால் எந்த வயதில் முழு விடுதலை என்பதுகூட அவற்றில் இருக்கிறது. மற்ற ஆவணங்களில் வெறும் எண்ணிக்கையாகவே நிற்கும் கறுப்பின முன்னோரை அவர்களுடைய சந்ததியினர் பெயர் சொல்லித் தேட அவை வழி கொடுத்திருக்கின்றன.