பயிற்சிக்கு இடம் தேடுதல்

வேலை தேடுவது ஒன்று. வேலையைக் கற்றுக்கொள்ள இடம் தேடுவது மற்றொன்று. முன்னதில் நாம் உழைப்பைக் கொடுத்து ஊதியம் பெறுகிறோம். பின்னதில் பிறருடைய நேரத்தையும் பொறுமையையும் கேட்டுப் பெறுகிறோம். இவ்வேறுபாட்டை உணராமையால் மாணவர் பலர் வீணே அலைந்து சலிப்படைகின்றனர். ஆகவே இதனைக் குறித்து மாணவ நண்பர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளியில் என்னிடம் படித்த மாணவர் ஒருவர் கடலூரில் என் வீட்டுக்கு வந்தார். அவர் அப்போது சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பயின்றுகொண்டிருந்தார். விடுமுறையில் ஏதேனும் ஒரு தொழிலகத்தில் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் கொண்டுவர வேண்டியிருந்தது. நாற்பது இடங்களுக்கு எழுதியிருந்தார். இரண்டு இடங்களிலிருந்துதான் விடை வந்தது, இரண்டும் மறுப்பு. "ஐயா, சிபாரிசு இல்லாதவனுக்கு இடமில்லை போலிருக்கிறது" என்றார். அவர் தந்தையார் கரும்பு பயிரிடும் சிறு உழவர். சிபாரிசுக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

சற்றுத் தயங்கி மற்றொன்றும் சொன்னார். யாரோ ஒருவர், மூவாயிரம் ரூபாய் கொடுத்தால் பயிற்சிக்கு வராமலே சான்றிதழ் வாங்கித் தருவதாகக் கூறியிருந்தாராம். உடன் படிப்பவர் சிலர் அதற்கு இசைந்துவிட்டனராம். "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்டார். கேள்வி எளியது, ஆனால் ஓர் இளைஞரின் நேர்மை அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

உடனே "கூடாது" என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் பயிற்சி எதற்கு என்பது விளங்காதவருக்கு அந்தச் சொல் வெறும் அதட்டலாகவே தோன்றும். ஆகவே என் கதையைச் சொன்னேன்.

ஆசிரியப் பயிற்சி பெற்ற ஆண்டில், கற்பித்துப் பழகுவதற்காக என்னை ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். உளவியலும் கற்பிக்கும் முறைகளும் நூல்களில் நன்றாகப் படித்திருந்தேன். முதல் நாள் வகுப்பில் நாற்பது நிமிடத்துக்கு எழுதி வைத்த பாடம் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. எஞ்சிய நேரத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. பின் வரிசையிலிருந்து என்னைக் கவனித்துக்கொண்டிருந்த முதிய ஆசிரியர் வகுப்பு முடிந்ததும், "பாடத்தை நீர் சொன்னீர், பிள்ளைகள் கேட்டார்களா என்று பார்க்கவில்லை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை எந்த நூலும் எனக்குக் கற்றுத்தரவில்லை. அன்று அந்த வகுப்பில் நிற்காமல் சான்றிதழ் மட்டும் பெற்றிருந்தால், அந்தப் பதினைந்து நிமிடத் தோல்வி என் முதல் வேலையில், ஊதியம் பெற்றுக்கொண்டிருக்கும்போது நேர்ந்திருக்கும். தவறு செய்வதற்கு உரிய இடம் பயிற்சி. அதனை விலைக்கு வாங்குகிறவர், தவறு செய்யும் வாய்ப்பைப் பின்னாளுக்குத் தள்ளிவைக்கிறார், அவ்வளவுதான்.

இது புதிய கருத்தன்று. மருத்துவம் பயில்வோர் மருத்துவமனையில் பணி பழகாமல் முழுத் தகுதி பெறுவதில்லை. தச்சரும் கொல்லரும் குயவரும் பட்டறையிலேயே தொழில் பழகினர். பல்கலைக்கழகங்கள்தாம் நெடுநாள் இதனின்று விலகியிருந்தன. அமெரிக்காவில் சின்சினாட்டிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹெர்மன் ஷ்னைடர், வகுப்பறையும் தொழிற்சாலையும் மாறி மாறி வருமாறு அமைத்த பொறியியல் படிப்பை 1906ஆம் ஆண்டில் தொடங்கினார். அம்முறை பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவியது. நம் நாட்டிலும் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு வெளியிட்ட பட்டப்படிப்புக் கட்டமைப்பு, பயிற்சியையும் பட்டத்துக்கான கணக்கில் சேர்த்துள்ளது.

பயிற்சி இரு வகைப்படும். படிக்கும்போதே விடுமுறையில் சில வாரங்கள் பெறுவது ஒரு வகை. பட்டம் பெற்றபின் ஓராண்டு போலத் தொழிற்பழகுநராக இருந்து பெறுவது மற்றொரு வகை. பின்னதற்குச் சட்டம் உண்டு. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் முதலில் கைத்தொழில் பழகுவோரை மட்டுமே கருதியது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் பட்டயம் பெற்றோரையும் அதனுள் கொண்டுவந்தது. 2014ஆம் ஆண்டுத் திருத்தம் கலை, அறிவியல் முதலிய பிற பட்டதாரிகளுக்கும் கதவைத் திறந்தது. 2019ஆம் ஆண்டில் திருத்திய விதிகளின்படி, முப்பது பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள், தம் பணியாளர் தொகையில் நூற்றுக்கு இரண்டரை முதல் பதினைந்து வரை தொழிற்பழகுநரைச் சேர்க்க வேண்டும். அவர்களுக்கு உதவித்தொகையும் அளிக்க வேண்டும். பட்டதாரிகளுக்கும் பட்டயம் பெற்றோருக்கும் உரிய பயிற்சியை நம் பகுதியில் சென்னைத் தரமணியிலுள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் மேற்பார்க்கிறது. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை கிடைக்கும் என்னும் உறுதியைச் சட்டம் தரவில்லை. எனினும், பழகுநருக்குப் பணம் கொடுக்கச் சொல்கிறது சட்டம். பழகுநரிடம் பணம் கேட்பவர் யாராயினும் அவரை நம்பலாகாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

இனி, இடம் எங்கே உள்ளது? என் மாணவர் எழுதிய நாற்பது கடிதங்களில் முப்பத்தைந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்றவை. தம் ஊரைச் சுற்றி என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவேயில்லை. ஒரு தாளை எடுத்து எழுதச் சொன்னேன். கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். அந்தச் சாலையிலேயே, உப்பனாற்றை ஒட்டி, சிப்காட் தொழிற்பேட்டையில் வேதிப்பொருள் ஆலைகள் நிற்கின்றன. வெள்ளாற்று முகத்தில் பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் உள்ளது. மேற்கே நெய்வேலி. 1956ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற பழுப்பு நிலக்கரி நிறுவனம், சுரங்கமும் அனல்மின் நிலையமுமாக வளர்ந்து, அறிவிப்பு வெளியிட்டுத் தொழிற்பழகுநர்களைச் சேர்த்துவருகிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில். பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம். கடலூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம். நெல்லிக்குப்பத்திலும் சேத்தியாத்தோப்பிலும் சர்க்கரை ஆலைகள். எழுதி முடித்தபின் அவரே வியந்தார். வீட்டிலிருந்து பேருந்தில் சென்று மாலையில் திரும்பக்கூடிய இடங்கள் பத்துக்கு மேல் இருந்தன. தங்குவதற்கும் உண்பதற்கும் பொருள் இல்லாத மாணவருக்கு இது சிறிய செய்தியன்று.

பின்னர்க் கடிதத்தைப் பார்த்தேன். நாற்பது கடிதமும் ஒரே கடிதம். முகவரி மட்டுமே வேறு. "தங்கள் மதிப்புமிக்க நிறுவனத்தில் பயிற்சி பெற விரும்புகிறேன்" என்று இருந்தது. அந்நிறுவனம் என்ன செய்கிறது என்பது கடிதம் எழுதியவருக்குத் தெரியும் என்பதற்கு அதில் ஓர் அடையாளமும் இல்லை. படிப்பவர் நிலையில் நம்மை வைத்துப் பார்க்க வேண்டும். அவருக்கு அன்றாட வேலை இருக்கிறது. ஒரு மாணவரைச் சேர்த்துக்கொண்டால் அவருக்கு விளக்கவும், அவருடைய பாதுகாப்பைக் கவனிக்கவும் ஒருவரை ஒதுக்க வேண்டும். ஆகவே கடிதத்தில் நான்கு செய்திகள் இருத்தல் வேண்டும்: நான் யார், உங்கள் இடத்தில் எதைக் கற்க விரும்புகிறேன், எனக்கு இப்போது என்ன செய்யத் தெரியும், எந்த நாள் முதல் எந்த நாள் வரை வர இயலும். இவை ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டுவதில்லை. துறைத் தலைவரின் கடிதம் ஒன்றும் உடன் இருத்தல் நலம். அதுவே மாணவருக்கு உரிய நேர்மையான சிபாரிசு.

காலமும் அறிய வேண்டும். அவருக்கு மறுப்பு அனுப்பிய இரண்டு இடங்களுள் ஒன்று சர்க்கரை ஆலை. அவர் கேட்டிருந்ததோ அரவை நின்று, இயந்திரங்களைக் கழற்றிச் செப்பனிடும் மாதம். அப்போது ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேதியியல் மாணவருக்கு என்ன வேலை இருக்கும்? கரும்பு உழவரின் மகனாகிய அவருக்கு அரவைப் பருவம் தெரியாததன்று. கடிதம் எழுதும்போது அது நினைவுக்கு வரவில்லை. பருவத் தேர்வு முடிந்த விடுமுறையில், அரவை நடக்கும் காலத்தைக் குறித்து, கரும்புச் சாற்றைச் சோதிக்கும் முறையைக் கற்க விரும்புவதாகவும், தரம்பார்த்தல் என்னும் அளவாய்வு தமக்கு நன்கு தெரியும் என்றும் எழுதி, நேரில் சென்று கொடுத்தார். ஒருமுறை வாயிற்காவலரிடமிருந்தே திரும்பினார். இரண்டாம் முறை ஆய்வுக்கூடத்து வேதியியலாளரைப் பார்த்தார். மூன்று வாரத்துக்கு இடம் கிடைத்தது.

அங்கே என்ன கற்றார்? மணிக்கு மணி சாற்றின் மாதிரி வரும். அதில் கரைந்துள்ள திடப்பொருள் எவ்வளவு என்பதைப் பிரிக்ஸ் என்னும் அளவாலும், சர்க்கரை எவ்வளவு என்பதைப் போல் என்னும் அளவாலும் காண்பார்கள். பிரிக்ஸ் 18, போல் 15.3 என்றால், சாற்றின் தூய்மை நூற்றுக்கு 85. பிறகு சாற்றைத் தெளிவிக்கச் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் சேர்ப்பார்கள். தெளிந்த சாறு அமிலத்தன்மை மிகாமல் நடுநிலையை ஒட்டி நிற்க வேண்டும். அமிலம் மிகுந்தால் சர்க்கரை குளுகோசாகவும் பிரக்டோசாகவும் பிளவுபடும் என்பதை அவர் தேர்வில் எழுதி மதிப்பெண் பெற்றவர். அப்படிப் பிளவுபட்டது படிகமாகாமல் கழிவுப்பாகோடு போய்விடும் என்பதை அங்கேதான் கண்டார். கரும்பை வெட்டியபின் ஆலைக்கு வரத் தாமதமானாலும் இதே இழப்பு நேர்கிறது. வெட்டு உத்தரவு வந்ததும் தம் தந்தையார் ஏன் அவ்வளவு பரபரப்படைவார் என்பது பட்ட வகுப்பின் மூன்றாம் ஆண்டில்தான் தமக்கு விளங்கியதாக என்னிடம் வந்து சொன்னார். மூவாயிரம் ரூபாய்ச் சான்றிதழைப் பற்றி அதன்பின் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

முயன்றால் கேட்டது கிடைத்தே தீரும் என்று நான் சொல்லவில்லை. கேட்டது கிடைக்காமல் வேறொன்று கிடைப்பதும் உண்டு. இதற்கு நம் பகுதியிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1910ஆம் ஆண்டில், கல்லூரித் தேர்வில் தோற்ற இளைஞர் ஒருவர் திருக்கோவிலூருக்கு வந்தார். இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ள அவ்வூர், அன்று கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே துணை ஆட்சியராக இருந்தவர் இராமசாமி ஐயர். இந்தியக் கணிதக் கழகத்தை 1907ஆம் ஆண்டில் தோற்றுவித்தவர். இளைஞர் கேட்டது ஒரு சிறு எழுத்தர் வேலை. அவரிடம் பட்டமும் இல்லை, செல்வாக்கும் இல்லை, தாம் கணக்குகளை எழுதி வைத்திருந்த குறிப்பேடுகள் இருந்தன. அவற்றைப் புரட்டிப் பார்த்த இராமசாமி ஐயர், இத்தகையவரை எழுத்தர் வேலையில் அமர்த்துவது தகாது என்று கருதிச் சென்னையிலிருந்த கணித அன்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அவ்வழியே பல இன்னல்களுக்குப் பின், 1912ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள், சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய் ஊதியத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. அவர்தாம் சீனிவாச இராமானுசன்.

இராமானுசன் போன்ற மேதை நாம் அல்லோம். எனினும் அவர் செய்த ஒரு செயலை நாமும் செய்யலாம். அவர் வெறுங்கையோடு செல்லவில்லை. தாம் செய்ததை எடுத்துச் சென்றார். மாணவ நண்பர்களே, உங்கள் ஆய்வுக்கூடக் குறிப்பேடோ, நீங்கள் வரைந்த படமோ, எழுதிய கட்டுரையோ, கையில் ஒன்று இருக்கட்டும். அருகில் உள்ளதை முதலில் பாருங்கள். எதைக் கற்க வேண்டும் என்று தெளிந்து கேளுங்கள். ஒரு வாயில் அடைத்தால் அடுத்ததற்குச் செல்லுங்கள். இடம் கிடைத்தபின் முதல் சில நாள் பேச்சைக் குறைத்துக் கண்ணைத் திறந்து வையுங்கள். சான்றிதழ் இறுதி நாளில் தானே வரும்.