எதிரொளிப்புத் தொலைநோக்கி: ஆடியின் மையமும் அச்சுச் சீரமைப்பும்

நியூட்டன் வகை எதிரொளிப்புத் தொலைநோக்கியில் முதன்மைக் குழியாடியின் ஒளி அச்சும் கண்ணருகு லென்சின் அச்சும் ஒன்றுபடுமாறு ஆடிகளைச் சாய்த்து அமைப்பது அச்சுச் சீரமைப்பு எனப்படும். கையால் தேய்த்த ஆடி சோதனையில் தேறியும் வியாழன் மங்கலாகத் தெரிந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

கோளப் பரப்புக்குத் தனி அச்சு கிடையாது. மெருகேற்றலின் முடிவில் அதைப் பரவளையமாக மாற்றும்போதுதான் அச்சு உருவாகிறது. 150 மி.மீ. விட்டமும் 1200 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட ஆடியில், நடுவில் ஒட்டித் தொடும் கோளத்துக்கும் பரவளையத்துக்கும் விளிம்பில் உள்ள வேறுபாடு சுமார் 0.3 மைக்ரான் மட்டுமே. இது ஒரு பக்கமாக ஒதுங்கிவிடக் கூடாது என்பதற்காகவே தேய்ப்பவர் மேசையைச் சுற்றி நடந்தும், ஆடியைச் சிறிது சிறிதாகத் திருப்பியும் வேலை செய்கிறார். அவ்வாறு செய்த ஆடியின் ஒளி மையம் கண்ணாடி வட்டத்தின் நடுவிலேயே இருக்கும் எனக் கொள்ளலாம்.

அந்த நடுவைக் குறிப்பது எளிது. ஆடியின் அளவுக்கு வெட்டிய வட்டத் தாளை நான்காக மடித்து, மடிப்புகள் சந்திக்கும் இடத்தில் துளையிட்டு, ஆடிமேல் பொருத்திப் புள்ளி வைக்க வேண்டும். புள்ளியைச் சுற்றிக் காகிதத் துளைகளுக்கு ஒட்டும் சிறு வளையத்தை ஒட்டலாம். இரண்டாம் ஆடியின் நிழலில் இருப்பதால் இது பிம்பத்தைக் கெடுக்காது.

சீரமைக்க, ஒரு முனையில் நடுத்துளையிட்ட மூடியும் மறுமுனையில் குறுக்கு நூல்களும் உள்ள குழல் போதும். கண்ணருகு லென்சு இருக்கும் இடத்தில் இதைச் செருகி, நூல்கள் வெட்டும் இடம் குறியின்மேல் விழும்வரை இரண்டாம் ஆடியைச் சாய்க்க வேண்டும். பிறகு, மூடித்துளையின் பிம்பம் வளையத்துக்குள் வரும்வரை முதன்மை ஆடியின் திருகுகளைத் திருப்ப வேண்டும். வரிசையை மாற்றினால் வேலை இரட்டிப்பாகும்.

குறி 1 மி.மீ. விலகியிருந்தால் அச்சு குவியத்தில் 0.5 மி.மீ. தவறும், ஆடியின் வளைவு மையம் குவியத் தூரத்தைப் போல இரு மடங்கு தொலைவில் இருப்பதே காரணம். இப்பிழை பெரிதா என்பதைக் குவிய விகிதம் தீர்மானிக்கிறது. கோமா பிழை உறுத்தாத வட்டத்தின் விட்டம் எஃப்/8 ஆடியில் சுமார் 11 மி.மீ.; எஃப்/5-இல் 2.8, எஃப்/4-இல் வெறும் 1.4. முதல் ஆடி தேய்ப்பவருக்கு எஃப்/8 ஏற்றது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இறுதிச் சோதனை விண்மீன்தான். அதிக உருப்பெருக்கத்தில் சற்றே குவியம் விலக்கிப் பார்த்தால், ஒளி வளையங்கள் ஒரே மையத்தைச் சுற்றி அமைய வேண்டும். நகராத துருவ விண்மீனைப் பல கையேடுகள் பரிந்துரைக்கின்றன. தமிழ்நாட்டில் அது அடிவானத்திலிருந்து 8 முதல் 13 பாகை உயரத்திலேயே நிற்பதால், காற்றின் அலைவில் வளையங்கள் கலங்கிவிடும். உச்சிக்கு அருகிலுள்ள ஒளிமிக்க விண்மீனே நல்லது. நகர நகர அதை நடுவுக்குக் கொண்டுவந்துகொள்ள வேண்டும்.