விதைநெல்லுக்குள் எழுதப்பட்டிருப்பவை

ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று நம்மில் பலர் விதைநெற் சாக்கையும் விட்டுவிட்டுத்தான் வந்தோம். பிள்ளையைத் தூக்குவதா, சாக்கைத் தூக்குவதா என்ற நிலையில் வேறு என்ன செய்ய முடியும்? திரும்பிப் போனவர்கள் நிவாரணமாகக் கிடைத்த விதையையே விதைத்தார்கள். மொட்டைக்கறுப்பனும் பச்சைப்பெருமாளும் பல வயல்களில் இல்லாமற் போயின.

கம்போடியக் கமக்காரருக்கும் இதுதான் நடந்தது. 1975 இல் ஆட்சியைப் பிடித்தவர்கள் மக்களை ஊர்களிலிருந்து கிளப்பினார்கள். பரம்பரை நெல்லினங்கள் பல அழிந்தன. ஆனால் அதற்கு முன்னரே அங்கிருந்து சேகரிக்கப்பட்ட நூற்றுக்கணக்கான இனங்கள் பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் குளிர் அறையில் இருந்தன. 1980களில் அவை அந்த நாட்டுக்குத் திரும்பின.

அந்த நிலையத்தில் இன்று 1 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேற்பட்ட நெல் மாதிரிகள் உள்ளன. எந்தச் சாக்கில் என்ன குணம் இருக்கிறது என்று தெரியாவிட்டால் அவ்வளவையும் வைத்திருந்து என்ன பயன்? ஒவ்வொன்றையும் விதைத்துப் பார்க்க ஆயுள் போதாது. இங்கேதான் மரபணுத் தொகுதியை வாசிக்கும் வேலை வருகிறது.

நெல்லின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் 12 சோடி நிறமூர்த்தங்கள் உண்டு. அவற்றில் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை சுருண்டு கிடக்கிறது. அந்த இழை நான்கே எழுத்துகளால் ஆனது. நெல்லுக்கு ஒரு தொகுதியில் ஏறக்குறைய 39 கோடி எழுத்துகள். பயிர் எவ்வளவு உயரும், எப்போது கதிர் தள்ளும், எந்தப் பூச்சியைத் தாங்கும் என்பவற்றில் பெரும்பகுதி அந்த எழுத்துகளின் வரிசையில் அடங்கியிருக்கிறது. ஒரே ஒரு நெல்லினத்தை முழுமையாக வாசிக்கப் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். முடிவு 2005 இல் வெளியானது. பிறகு இயந்திரங்கள் வேகமடைந்தன. 2018 இல் 89 நாடுகளின் 3,010 நெல்லினங்களை வாசித்து ஒப்பிட்ட ஆய்வு வெளிவந்தது.

வெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். நெல் முழுதாக மூழ்கினால், காற்றைத் தேடி வேகமாக நீளும். சேமித்த சத்தெல்லாம் அதிலேயே தீர்ந்துவிடும். நீர் வற்றியதும் சாய்ந்து செத்துப்போகும். ஒடிசாவின் பழைய நெல்லொன்றோ நீளாமல் அடங்கிக் கிடந்து, இரு கிழமை வரை நீருக்கடியில் தாங்கி, பின் துளிர்க்கும். 9ஆம் நிறமூர்த்தத்திலுள்ள, அதற்குக் காரணமான பரம்பரையலகு எதுவென்பது 2006 இல் துலங்கியது. அதைக் கலப்பினமாக்கல் மூலம் சுவர்ணா என்ற நெல்லுக்குள் கொண்டுவந்தார்கள். 2009 இல் அது இந்தியக் கமக்காரரிடம் சென்றது. நம் நாட்டுக் குர்கறுப்பன், கொட ஹீனட்டி ஆகியவற்றுக்கும் வெள்ளம் தாங்கும் இயல்பு உண்டு. அறக்கொட்டியைத் தாங்கும் ரத்து ஹீனட்டியும் நமது பழைய நெல்தான். அதில் அடுத்தடுத்துள்ள சில பரம்பரையலகுகளே அந்தக் காவலைத் தருகின்றன என்று 2015 இல் கண்டறிந்தார்கள். நம் முன்னோர் எழுத்து எதையும் பார்க்கவில்லை; வயலைப் பார்த்தே தெரிந்தெடுத்தார்கள்.

ஆனால் கணினியிலுள்ள எழுத்து முளைக்காது. வாசித்துவிட்டோம் என்று விதையைக் கைவிட்டால் போனது போனதுதான். இன்னொரு மனக்குறையும் உண்டு: எழுத்தை வைத்து யாரோ இலாபம் காண, விதையைக் காத்தவருக்கு ஒன்றுமில்லை. 2024 இல் கொலம்பியாவின் கலி நகர மாநாட்டில், உயிரினங்களின் இத்தகைய தகவலால் இலாபம் பெறும் கம்பனிகள் பங்களிக்க ஒரு நிதியம் அமைக்க இணங்கினார்கள். அதில் பாதியாவது பழங்குடியினருக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும் சேர வேண்டும் என்பது ஏற்பாடு. பங்களிப்பதோ கம்பனிகளின் விருப்பம். ஆகவே பெரிதாக எதிர்பார்க்க நாம் துணியவில்லை.

நம் நாட்டில் கன்னொறுவையிலுள்ள தாவர மரபணு வள நிலையம் 1988 முதல் விதைகளைச் சேமித்து வருகிறது. உங்களிடமோ அயலாரிடமோ பழைய நெல் ஒரு சுண்டு இருந்தாலும், நன்றாகக் காயவைத்து, வேறு நெல்லோடு கலக்காமல் வையுங்கள். பெயர், ஊர், எந்தப் போகம், என்ன மண், சோற்றுக்கா மாவுக்கா நல்லது என்று ஒரு தாளில் எழுதி உள்ளே போடுங்கள். இவற்றுள் பெயரையும் ஊரையும் எந்த இயந்திரத்தாலும் வாசித்தறிய முடியாது.