யுகுலேலே வாங்கப் போகிறீர்களா? 12ஆம் மெட்டைக் கேட்டுப் பாருங்கள்

"டீச்சர், எனக்கு இசை வராதுபோல."

ஒலி பற்றிய பாடம் முடிந்ததும் உயர்நிலை 2 மாணவி ஒருத்தி என்னிடம் வந்து இப்படிச் சொன்னாள். தீபாவளிக்குக் கிடைத்த அங்பாவ் பணத்தைச் சேர்த்து யுகுலேலே வாங்கியிருந்தாள். தந்திகளைச் சுருதி சேர்த்துவிட்டுத்தான் வாசிப்பாளாம். விரல் கழுத்தின் மேல்பகுதியில் இருக்கும்வரை நன்றாகவே கேட்கும். உடல்பகுதியை நோக்கி இறங்க இறங்க, ஏதோ பிசகியதுபோல் இருக்கும். மறுபடி சுருதி சேர்த்தாலும் அதே கதை. "என் காதுதான் சரியில்லை," என்றாள்.

மறுநாள் கருவியைக் கொண்டுவரச் சொன்னேன். ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவுகோலையும் கைப்பேசிச் சுருதிச் செயலியையும் வைத்துச் சோதித்தோம். முடிவைச் சொல்வதற்கு முன், கொஞ்சம் அறிவியல்.

பாதி நீளம், இரு மடங்கு அதிர்வெண்

யுகுலேலேயின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுகளுக்கு மெட்டுகள் என்று பெயர். வீணையிலும் இவை உண்டு. ஒரு மெட்டை ஒட்டித் தந்தியை அழுத்தினால், அதிரும் நீளம் குறைகிறது. நீளம் குறைந்தால் அதிர்வெண் கூடும். இழுவிசை மாறாமல் நீளம் சரிபாதியானால், அதிர்வெண் இரு மடங்காகும். அதைத்தான் மேல் ஸ்தாயி என்கிறோம்.

அந்தப் பாதி வழியில் இருப்பது 12ஆம் மெட்டு. யுகுலேலேயின் 'ஏ' தந்தியைத் திறந்து மீட்டினால் 440 ஹெர்ட்ஸ். 12ஆம் மெட்டில் அழுத்தி மீட்டினால் 880 ஹெர்ட்ஸ் வரவேண்டும்.

இடையில் உள்ள மெட்டுகளுக்கும் கணக்கு உண்டு. ஒவ்வொரு மெட்டும் அதிர்வெண்ணை ஓர் அரைச்சுரம், அதாவது சுமார் 5.95 விழுக்காடு, உயர்த்துகிறது. 'கான்சர்ட்' அளவு யுகுலேலேயில் தந்தியின் அதிரும் நீளம் ஏறத்தாழ 380 மில்லிமீட்டர். அதில் முதல் மெட்டு மேல்முனையிலிருந்து சுமார் 21 மி.மீ. தள்ளி இருக்கும். 11க்கும் 12க்கும் இடையிலோ 11 மி.மீ. மட்டுமே. மெட்டுகள் போகப் போக நெருங்குவது அழகுக்காக அல்ல.

இடம் குறுகக் குறுக, சிறு பிழையும் பெரிதாகிறது. 12ஆம் மெட்டு ஒரே ஒரு மி.மீ. விலகியிருந்தால், 880 ஹெர்ட்ஸ் வரவேண்டிய சுரம் 4 அல்லது 5 ஹெர்ட்ஸ் தவறிவிடும். சரியான சுரத்தோடு சேர்த்து ஒலித்தால், நொடிக்கு 4, 5 முறை ஒலி ஏறி இறங்குவது கேட்கும். இயற்பியலில் இதற்கு 'விம்மல்' என்று பெயர்.

வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் அமர்ந்திருக்கும். பிசகினால் மெழுகைத் திருத்தி மெட்டுகளை மீண்டும் அமைக்கலாம். யுகுலேலேயில் மரத்தில் கீறல் போட்டு மெட்டை அடித்து இறக்கிவிடுவார்கள். பிறகு நகர்த்த முடியாது. ஆகவே வாங்குவதற்கு முன்பே சோதிக்க வேண்டும்.

கடையில் செய்யவேண்டிய மூன்று சோதனைகள்

1. செயலிச் சோதனை. சுருதி சேர்த்தபின், நான்கு தந்திகளையும் ஒவ்வொன்றாக 12ஆம் மெட்டில் மென்மையாக அழுத்தி மீட்டுங்கள். செயலி அதே சுரத்தைக் காட்டவேண்டும். ஓர் அரைச்சுரத்தை 100 'சென்ட்' என்று பிரிப்பார்கள். 5 சென்ட் விலகல் பொறுத்துக்கொள்ளலாம். 15, 20 என்றால் அந்தக் கருவியைத் திரும்ப வைத்துவிடுங்கள்.

2. அட்டைச் சோதனை. அப்பா அல்லது அம்மாவின் வங்கி அட்டையின் தடிமன் சுமார் 0.76 மி.மீ. அத்தகைய நான்கு அட்டைகளை அடுக்கினால் ஏறக்குறைய 3 மி.மீ. 12ஆம் மெட்டுக்கும் தந்திக்கும் இடையில் இந்த அடுக்கு தந்தியைத் தொடாமலேயே நுழைந்தால், தந்தி அதிக உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடினால் விரல் வலிப்பது மட்டுமல்ல. அழுத்தும்போது தந்தி கூடுதலாக இழுபடுகிறது, இழுவிசை கூடுகிறது, சுரமும் ஏறிவிடுகிறது.

3. ஒவ்வொரு மெட்டும். நான்கு தந்திகளிலும் எல்லா மெட்டுகளையும் ஒருமுறை அழுத்தி மீட்டுங்கள். எங்காவது 'ஸ்ஸ்' என்று இரைந்தால், ஏதோ ஒரு மெட்டு மற்றவற்றைவிட உயர்ந்திருக்கலாம். கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். மெட்டின் முனை குத்தக்கூடாது.

மரம் முக்கியமில்லையா?

முக்கியம்தான். மெல்லிய தந்தி தனியாகக் காற்றை அதிகம் அசைக்காது. தந்தியைத் தாங்கும் குதிரை அதிர்வை மேல்பலகைக்குக் கடத்துகிறது. பரப்பு அதிகமுள்ள அந்தப் பலகை காற்றை அசைப்பதால்தான் நமக்குக் கேட்கிறது. ஒரே துண்டு மரத்தால் ஆன மெல்லிய பலகை பொதுவாக நன்றாக அதிரும். அடுக்குப் பலகையில் மெல்லிய தகடுகளை மாற்று மாற்றுத் திசையில் ஒட்டியிருப்பார்கள். அது சற்றுக் குறைவாக அதிரலாம். ஆனால் எளிதில் வளையாது.

நம் ஊரில் இதைக் கவனிக்கவேண்டும். சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். குளிர்சாதன அறையில் அது வெகுவாகக் குறையும். ஒற்றை மரம் ஈரத்தில் உப்பி, வறட்சியில் சுருங்கும். அதனால் சோதனையில் தேறிய அடுக்குப் பலகை யுகுலேலே, சோதிக்காத ஒற்றை மர யுகுலேலேயைவிட நல்ல தொடக்கம். எதை வாங்கினாலும் பெட்டியில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள். வெப்பத்தில் பசை இளகும்.

சரிசெய்யக்கூடிய குறைகளும் உண்டு. தந்தியின் உயரத்தைக் கடைக்காரரே தேய்த்துக் குறைத்துத் தரமுடியும். தந்திகளையும் மாற்றலாம். புதிய நைலான் தந்திகள் சில நாள்களுக்கு நீண்டுகொண்டே இருக்கும். சுருதி இறங்கிக்கொண்டே போகும். அது கருவியின் குற்றமல்ல. ஆனால் மெட்டோ குதிரையோ தவறான இடத்தில் இருந்தால், தந்தியை மாற்றிப் பயனில்லை. இணையத்தில் வாங்கினால், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடுவுக்குள் இந்தச் சோதனைகளை முடித்துவிடுங்கள்.

அந்த மாணவியின் கருவிக்கு வருவோம். மேல்முனையிலிருந்து 12ஆம் மெட்டுவரை 190 மி.மீ. அங்கிருந்து குதிரைவரையும் குறைந்தது அதே அளவு இருக்கவேண்டும். இருந்ததோ 187. குதிரையை 3 மி.மீ. முன்னால் தள்ளி ஒட்டியிருந்தார்கள். தந்தியும் உயரமாக இருந்தது. 880 ஹெர்ட்ஸ் வரவேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 890 வந்தது. அரைச்சுரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பிழை.

பிழை அவள் காதில் இல்லை. காது சரியாக இருந்ததால்தான் அந்தப் பிழை அவளுக்குக் கேட்டது.

உங்கள் வீட்டிலும் "எனக்கு வராது" என்று அலமாரிமேல் ஏற்றிவைத்த யுகுலேலே இருக்கிறதா? இன்று மாலை அதை இறக்கி, 12ஆம் மெட்டில் ஒருமுறை மீட்டிப் பாருங்கள். அளந்து பார்க்காமல் உங்களை நீங்களே குறை சொல்லிக்கொள்ளாதீர்கள்.