காணியும் கல்லும் – 9: பத்தில் ஒரு பங்கு

சேலத்திலிருந்து ஜோலார்பேட்டைக்குச் செல்லும் இருப்புப்பாதையில் உள்ள மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் போடப்பட்ட சிறு ரயில்பாதை, 1941-இல் யுத்தத்தை ஒட்டி மூடப்பட்டது. அந்த மார்க்கத்தில் அகலப்பாதை வேண்டுமென்று ஜில்லாவாசிகள் நெடுங்காலமாக விடுத்துவந்த கோரிக்கைக்கு இணங்கி 2019-இல் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டது. ரயில் வருமென்ற பேச்சு எழுந்துவிட்டால், மானாவாரிக் காட்டுக்கும் சதுர அடிக் கணக்கில் விலை பேசுவது எங்கும் உள்ள வழக்கம்.

அவ்விதம் பேசப்படும் காடு முறைப்படி மனைப்பிரிவாக வேண்டுமானால், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் தொழில்நுட்ப இசைவும் ஊராட்சியின் அனுமதியும் சேர்ந்திருத்தல் வேண்டும். ‘டிடிசிபி மனை’ என்று ஜனங்கள் சொல்வது இதைத்தான். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்பது இயக்ககத்தின் இசைவு இல்லாமலே நெடுநாள் விற்கப்பட்டுவந்த மனைக்கு வழங்கும் பெயர். இவ்விரண்டுக்கும் உள்ள பேதத்தை வங்கிக் கடன் கிடைக்குமா கிடைக்காதா என்பதோடு நிறுத்திக்கொள்வது சரியன்று. மனைப்பிரிவின் சாலைகளைத் தானப் பத்திரம் எழுதி ஸ்தல ஸ்தாபனத்துக்கு ஒப்படைக்க வேண்டும் என்பதும், சாலை நீங்கலான பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு, மேற்பட்டால் அதில் பத்தில் ஒரு பங்கைப் பொது வெளியிடமாக அதே விதத்தில் கொடுக்க வேண்டும் என்பதும் 2019-ஆம் ஆண்டுக் கட்டட விதிகளில் உள்ள நிபந்தனைகள். தானம் எழுதப்படாத சாலை, நூறு பேர் நடந்தாலும், பழைய சொந்தக்காரரின் பட்டாவிலேயே நிற்கிறது. தார் போடவோ குழாய் பதிக்கவோ கேட்டு மனு கொடுப்பவருக்கு, அது ஊராட்சியின் சாலை அன்று என்ற பதிலே கிடைக்கிறது.

வரைபடத்தில் பச்சை வர்ணம் தீட்டிப் ‘பூங்கா’ என்று எழுதிய கட்டத்தை நேரில் போய்ப் பார்ப்பவர், மழைநீர் வந்து தேங்கும் பள்ளத்தையோ, மின்கம்பி குறுக்கே போவதால் மனையாக விலைபோகாத மூலையையோ காண்பது அபூர்வமன்று. ஆயினும் அந்த மூலைக்காவது வழக்காடத்தான் வேண்டும்.

அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தது. 2016 அக்டோபர் 20-ஐ எல்லையாகக் கொண்டு, அதற்கு முன் உண்டான மனைகளைக் கட்டணம் பெற்று வரன்முறை செய்ய 2017 மே மாதம் சர்க்கார் விதி வகுத்தது. ஏமாந்து வாங்கிய ஏழைக்கு இது அவசியமான நிவாரணமே. ஆனால் தவறியவருக்கெல்லாம் பின்னால் ஒரு கதவு திறக்கும் என்ற நம்பிக்கை வேரூன்றிவிட்டால், முன்கூட்டியே சாலை விட்டவரும் பூங்கா விட்டவரும் வீணாக நஷ்டப்பட்டவர் ஆகிவிடுகிறார்கள்.

விதிவிலக்கு அளிக்கும் அதிகாரத்தைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வழங்கிய தீர்ப்பை இங்கே நினைக்க வேண்டும். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113-ஆம் பிரிவு, எந்த நிலத்துக்கும் கட்டடத்துக்கும் விலக்குத் தரும் அதிகாரத்தைச் சர்க்காருக்கு அளிக்கிறது. அதன்கீழ் 1987 ஜூலைக்கும் 1988 ஜனவரிக்கும் இடையில் பிறந்த 62 ஆணைகளை எதிர்த்துச் சென்னையின் கன்ஸ்யூமர் ஆக்‌ஷன் குரூப் என்னும் நுகர்வோர் அமைப்பு வழக்காடிற்று. பிரிவு செல்லும் என்று ஏற்ற நீதிமன்றம், தக்க காரணம் காட்டாமல் சலுகை தந்த அந்த 62 ஆணைகளையும் ரத்து செய்தது. ஒருவருக்குச் சலுகை தரும்போது அவருடைய அண்டை வீட்டாருக்கும் அதன் காரணம் தெரிய வேண்டும் என்பதே இதனால் நான் கொள்ளும் பொருள். தலைநகரத்து மாடிக் கட்டடங்களுக்கு உரிய இந்த நியாயம் மொரப்பூரில் பிரிக்கப்படும் மனைகளுக்கும் உரியதே.

ஆகையால் தானமாக வந்த ஒவ்வொரு சாலையும் பூங்காவும் ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் சர்வே எண்ணோடும் பரப்போடும் ஏறியிருக்கிறதா என்று கிராம சபையில் எழுந்து கேட்க வேண்டும்; ஏறாதவற்றை அடுத்த சபைக்குள் ஏற்றும்படி தீர்மானம் எழுதுவிக்க வேண்டும்.