விளக்கு எரிந்தால் போதுமா?

சென்ற வாரம் நமது வீட்டில் குளிர்சாதனக் கருவி ஒன்றுக்குத் தனிக் கம்பி இழுக்க ஒரு மின்சார வேலைக்காரர் வந்தார். கை சுறுசுறுப்பானவர், பதினைந்து வருஷப் பழக்கம் உள்ளவர். யோக்கியதா பத்திரம் உண்டா என்று கேட்டோம். "பத்திரத்தில் கையெழுத்துப் போட காண்ட்ராக்டர் இருக்கிறார், ஸார்" என்று சிரித்தார். சட்டம் படித்தவனுக்கு இப்பதில் வேடிக்கையாகத் தோன்றவில்லை.

சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே இருக்கிறது. 1956-ம் வருஷத்து இந்திய மின்சார விதிகளில் கண்ட ஷரத்து, மத்திய மின்சார அதிகார சபை 2010-லும் 2023-லும் வெளியிட்ட விதிகளிலும் தொடர்ந்து வந்திருக்கிறது. பல்பு, விசிறி, பியூஸ், சுவிட்ச் ஆகியவற்றைப் பழைய அளவு மாறாமல் மாற்றிக்கொள்ளத் தடையில்லை. மற்றபடி, புதுக் கம்பி போடுவதாயினும் பழுது பார்ப்பதாயினும், ராஜ்ய சர்க்காரின் லைசென்ஸ் பெற்ற காண்ட்ராக்டரைக் கொண்டே செய்ய வேண்டும். தகுதிச் சான்று பெற்ற ஒருவர் நேரில் மேற்பார்க்க வேண்டும். கருவி பிடிப்பவரும் பர்மிட் உடையவராக வேண்டும். வீட்டுக்கு வருபவரோ ஒருவர்தான். மற்ற இருவரும் பெரும்பாலும் காகிதத்திலேயே வருகிறார்கள்.

இச்சிறு வேலைக்கு இத்தனை ஆடம்பரமா என்று நேயர்கள் கேட்கலாம். சுவிட்சைப் பேஸ் கம்பியில்தான் வைக்க வேண்டும். தெரியாதவன் நியூட்ரலில் வைத்துவிடுகிறான். அப்பொழுதும் விளக்கு எரியும், அணையும். வீட்டுக்காரருக்கு எள்ளளவும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அணைந்த விளக்கின் ஹோல்டரில் 230 வோல்ட் நின்றுகொண்டேயிருக்கும். பல்பு மாற்ற நாற்காலியில் ஏறும் பிள்ளை ஒரு நாள் அதை உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொள்கிறான். தையற்காரன் பிழையை உடுத்துகிறவர் அன்றே காண்பார்; இந்தப் பிழையோ சுவருக்குள் வருஷக்கணக்கில் காத்திருக்கும். வேலையைப் பார்த்து வேலைக்காரரை மதிப்பிட இங்கே வழியில்லாததால்தான் பத்திரம் வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் 2005-ம் வருஷம் வீட்டு மின்சார வேலை கட்டட விதிகளுக்குள் கொண்டுவரப்பட்டது. பதிவு பெற்ற வேலைக்காரர் தாமே சோதித்து அத்தாட்சி அளிக்கலாம். அப்பத்திரம் வீட்டுக்காரர் கைக்கு வந்து சேருகிறது. வீடு விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் அதைக் கேட்பார். நம் ஊரில் காண்ட்ராக்டரின் அறிக்கை புது இணைப்பு மனுவோடு மின்வாரிய ஆபீசுக்குப் போகிறது. வீட்டுக்காரர் அதைப் படித்துப் பார்ப்பது அபூர்வம்.

பதினைந்து வருஷம் உழைத்தவரை மிரட்டுவது நமது நோக்கமல்ல. தொழிலில் பழகியவர்களுக்கென்று தமிழ்நாட்டில் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. அவர் கூலிக்குக் கேடு வராமல் அதைத் தாலுகாதோறும் நடத்துவதில் சர்க்காருக்கு என்ன கஷ்டம்? கடுமை காட்ட வேண்டுமானால், பாராத வேலைக்குக் கையெழுத்து விற்கிறவரிடம் காட்டட்டும்.

நமது வீட்டு வேலை நின்றிருக்கிறது. மேற்பார்வையாளரை அழைத்து வருவதாக அவர் சொல்லிப் போயிருக்கிறார். வந்தால், பழைய சுவிட்சுகளையும் ஒரு முறை பார்க்கச் சொல்ல உத்தேசம்.