பட்டறை வாத்தியாருக்கும் ஒரு பள்ளிக்கூடம்!

கை ஒடிந்தால் வைத்தியர் மாவுக்கட்டுப் போடுகிறார். போட்ட சிறிது நேரத்தில் உள்ளே இளஞ்சூடு பரவும். வலியோடு இருப்பவருக்கு அது இதமாகக்கூட இருக்கும். அதே மாவு ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் விரல்களைப் பறித்துவிட்டது என்றால் நம்ப முடிகிறதா?

நடந்தது 2007-ம் ஆண்டு ஜனவரியில். இடம், இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் பகுதியில் உள்ள ஒரு பள்ளி. கலை வகுப்பில், தன் கைகளையே அச்செடுத்துச் சிற்பம் செய்ய ஆசைப்பட்டாள் அந்த மாணவி. பாரிஸ் சாந்து குழைக்கப்பட்டது. கைகள் உள்ளே போயின. சாந்து இறுகியது, சுடவும் தொடங்கியது. கையை வெளியே எடுக்க முடியவில்லை! பல அறுவை சிகிச்சைகள் செய்தும் விரல்களில் பெரும்பாலானவை போய்விட்டன. 2009-ல் நீதிமன்றம் அந்தப் பள்ளிக்கு 16,500 பவுன் அபராதம் விதித்தது.

காரணம் மிகச் சாதாரணமானது. தண்ணீர் பட்டதும் அந்த மாவு சூட்டைக் கக்கும். மெல்லிய கட்டாக இருந்தால் சூடு காற்றோடு போய்விடும். பருமனான கட்டியாக இறுகினாலோ போக்கிடம் இல்லாமல் 60 டிகிரி சென்டிகிரேடு அளவுக்கு ஏறிவிடும். இது பதினாறு வயதுப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை. பக்கத்தில் இருக்கும் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

யந்திரத்துக்கு ஒரு தேர்வு

அங்கே 1974-ம் ஆண்டுச் சட்டமும் 1998-ம் ஆண்டு யந்திர விதிகளும் இதைத்தான் வற்புறுத்துகின்றன. யந்திரத்தை ஓட்டுகிறவருக்கு மட்டுமல்ல, மேற்பார்வை செய்கிறவருக்கும் பயிற்சி தர வேண்டும் என்பது விதி. எனவே தச்சு வேலையும் உலோக வேலையும் கற்பிக்கும் ஆசிரியர்கள், பட்டறை உதவியாளர்கள் எல்லாரும் மறுபடி மாணவர்களாகிறார்கள். அந்தப் பாட ஆசிரியர்களின் சங்கமே பயிற்சித் திட்டம் வகுத்திருக்கிறது. பொதுப் பாடம் ஒன்று. பிறகு கடைசல் யந்திரம், மரம் அறுக்கும் யந்திரம் என்று தனித்தனியே பயிற்சி. ஓட்டிக் காட்டினால்தான் சான்றிதழ். அதுவும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். பட்டம் பெற்றவராயிற்றே என்ற சலுகை கிடையாது!

பாடங்களில் சில நமக்கு விசித்திரமாகப் படும். துளைபோடும் யந்திரத்தில் கையுறை அணியக் கூடாது. கைக்குப் பாதுகாப்பு என்று நாம் நினைப்போம்; சுழலும் முனை கையுறையின் நுனியைப் பற்றினால் விரலையும் சேர்த்தே இழுத்துக்கொள்ளும். கழுத்து டை தொங்கக் கூடாது. கூந்தலை முடிந்து கட்ட வேண்டும். கடைசல் யந்திரத்தின் சக்கை இறுக்கும் சாவியை ஒரு நிமிஷம்கூட அதிலேயே விட்டுவைக்கலாகாது. விட்டால், ஸ்விட்ச் போட்டதும் அது தோட்டா போல் பறக்கும்!

மின்சாரம் நின்று மீண்டும் வந்தால் என்ன ஆகும்? அணைக்க மறந்த வீட்டு மாவரைக்கும் யந்திரம் தானாகவே சுற்றத் தொடங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பட்டறை யந்திரம் அப்படிச் சுற்றக் கூடாது. கையால் மறுபடி பொத்தானை அழுத்தினால்தான் ஓட வேண்டும். இதோடு அறையின் சுவர்களில் ஆங்காங்கே சிவப்புப் பொத்தான்கள். எதை அழுத்தினாலும் யந்திரங்கள் அத்தனைக்கும் மின்சாரம் அறுந்துபோகும். அவை வேலை செய்கின்றனவா என்று அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டியதும் ஆசிரியர் கடமை. சோதிக்காத பொத்தான் சுவரில் ஒட்டிய வெறும் பொம்மை என்பது என் அபிப்பிராயம்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

வெட்டுக்காயம் உடனே தெரியும். மரத்தூள் விஷயம் அப்படியல்ல. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலி, மேஜைகளுக்குப் பேர்போனது. அங்குள்ள தச்சர்களிடையே மூக்கில் வரும் ஓர் அபூர்வப் புற்றுநோய் மிகுதியாக இருப்பதை 1960-களில் வைத்தியர்கள் கண்டுபிடித்தார்கள். கருங்காலி போன்ற மரங்கள்தாம் வைரம் பாய்ந்தவை என்று நாம் மெச்சுகிறோம். அந்த வகைக் கடின மரங்களின் தூளே சந்தேகத்துக்கு உள்ளாயிற்று. 1995-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் வரிசையில் சேர்த்துவிட்டது.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் போய்விடுவார்கள். பட்டறையைக் கூட்டுகிற உதவியாளர் அங்கேயே நிற்பார். துடைப்பத்தால் பெருக்கினால் கீழே படிந்த நுண்தூள் எல்லாம் எழுந்து அவர் மூக்குக்கே வரும். ஆகவே அவருக்கும் தனிப் பாடம்: பெருக்காதே, காற்றால் ஊதாதே, உறிஞ்சும் கருவியால் எடு. யந்திரங்களின் தூளை உறிஞ்சும் குழாய்களையோ, விஷயம் தெரிந்தவர் 14 மாதத்துக்குள் ஒரு முறையாவது பிரித்துப் பார்த்துச் சோதித்து எழுதிவைக்க வேண்டும்.